ஆரத்தி முடிவதற்குள் ரோட்டைக் காணோம்!

இன்று காலை எங்கள் முடிச்சூரில், ஆரத்தித் தட்டோடு நாலு பெண்கள்...

தேங்கிய மழைத் தண்ணீரைப் பார்வையிட யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். (பார்த்தால் வடிந்துவிடுமா?)

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கூடவே சிரிப்பும். காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு ஐப்பசி மழை. மனை வாங்கி, வீடு கட்டி நாங்கள் இங்கே வந்த புதுசு.

எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே ரோட்டை அப்போதுதான் மேடாக்கிப் போட்டிருந்தார்கள். அடியில் தண்ணீர் போக ஒரு குழாய்கூட வைக்கவில்லை! (மழை என்று ஒன்று பெய்யும் என்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது போல.)

வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த மாமனாரைக் கட்டிலோடு செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தோம். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது.

ரோட்டைக் குறுக்கே வெட்டினால் எல்லாத் தண்ணீரும் ஆற்றுப் பக்கம் ஓடிவிடும். அவ்வளவுதான் வேலை!

ஜீப்பில் வந்த ஆபீசரிடம் கெஞ்சினோம்.

"ரோட்டை வெட்டக் கூடாதும்மா. நாளைக்கு மந்திரி கார் வரணும்."

"சார், எங்க மாமா கட்டில்லயே மூழ்கிடுவார் சார்!"

"கார் உள்ள வந்துடட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க. ஆரத்தி எடுக்க மட்டும் லேடீஸ் ரெடியா இருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பால் இல்லை, சோறு இல்லை, ஆரத்தி ஒன்றுதான் குறைச்சல்!

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, அந்த மண்ணிலேயே நெல் விளைவித்த குடும்பம். அமைதியாகக் கேட்டார்.

"கார் உள்ள வந்துட்டா இன்னா வேணா பண்ணிக்கோன்னாரா? வரட்டும், வரட்டும்."

மறுநாள் கார் வந்தது. பிள்ளையார் கோயில் திருப்பம் தாண்டி நின்றது.

மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் எங்கே போவது? தெருத் தண்ணீரையே தட்டில் மொண்டு வைத்திருந்தோம். நிறம் கச்சிதம்!

"நல்லா கரைச்சிருக்கீங்கம்மா" என்றார் ஆபீசர். (செப்டிக் டேங்க் கரைத்தது சார்!)

செல்வி அக்கா சுற்றி, மந்திரி நெற்றியில் பொட்டு வைத்தார். அடுத்து நான். அடுத்து எதிர் வீட்டு டீச்சர். தெருவில் ஒருத்தி பாக்கியில்லை. பாதியில் போனால் அபசகுனம் ஆயிற்றே, மந்திரி அசையவே இல்லை.

அதே நேரம், கோயில் மறைவில், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கியிருந்தார்கள்.

கார் திரும்பி வந்தபோது ரோடு இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது!

"யாரு வெட்டச் சொன்னது?" ஆபீசர் கத்தினார்.

"நீதான் சார் சொன்ன! கார் உள்ளதான கீது?" என்றார் செல்வி அக்கா.

மந்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் தண்ணீரில் இறங்கினார். போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தார்.

சாயங்காலம் வீட்டில் தரை தெரிந்தது. அழுதுவிட்டேன்.

கட்டிலில் இருந்தபடி மாமா கேட்டார்.

"மந்திரி வந்தாரே, ஏதாவது செஞ்சாராம்மா?"

"நடந்தார் மாமா."