கந்தளாய்க் கிணற்றின் மேல் போட்ட பழி

எங்கள் ஆருயிர் அக்கா மாரடைப்பால் காலமானார் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். எழுத மாட்டேன். அக்காவுக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு. அது அவரது சிறுநீரகங்களைத் தின்றது. எங்கள் குடும்பத்தில் அது முதல் தடவையுமல்ல.

அன்புவழிபுரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கண்மூடியவர் அக்கா. கணவரை இளவயதில் இழந்தபின், துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து தனியாளாய் மகளைப் படிப்பித்தார். மேலதிகாரி சத்தம் போட்டால், முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "இப்ப ஆறுதலாச் சொல்லுங்கோ" என்பாராம்.

எங்கள் அப்பா சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, கந்தளாயில் வயல் செய்த காலத்தில் குடித்த கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டினோம். அவரோடு வயல் செய்த சித்தப்பா போனபோதும் அதே கிணறு. இருவருக்கும் சலரோகம் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத அக்காவின் கால்கள் வீங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

சலரோகக்காரர் எல்லோருக்கும் இது வராது, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் ஆபத்து கூட என்று வைத்தியர் விளக்கினார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று நேரத்தோடு பார்த்து, சீனியையும் பிரஷரையும் கட்டுப்படுத்தினால் நெடுநாள் காப்பாற்றலாமாம். அக்காவுக்கு அந்தச் செய்தி பிந்தித்தான் வந்தது.

மகளுக்குச் சம்பந்தம் பேசி மூதூரிலிருந்து வந்தவர்களிடம் அக்கா இதை ஒளிக்கவில்லை. பெரியமாமா கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை.

"என்ர பிள்ளை கவனமா இருக்கவேணும். அதுக்கு நீங்களும் தெரிஞ்சிருக்கவேணும்."

அவர்கள் பிறகு வரவில்லை. தெரிந்து வருகிறவர்கள் வரட்டும் என்றுவிட்டு அக்கா டயலிசிஸுக்குப் புறப்பட்டார்.

அங்கே ஏற்றி இறக்கிய கிண்ணியா ஓட்டோக்கார நானாவுக்கும், கனிவோடு பார்த்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒளிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் எங்கள் வம்சாவளியை அச்சிட்டிருக்கிறோம். இந்த நோய் கண்டவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் கலியாணம் குழம்பும் என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். உங்கள் பெற்றோர் பெயரிலோ கூடப்பிறந்தவர் பெயரிலோ புள்ளி இருந்தால் நாளைக்கே போய்ச் சோதியுங்கள்.

அக்காவுக்கு அடுத்த பெயர், அவரது தம்பி, நான். அங்கும் புள்ளி இருக்கிறது, நானே வைத்தேன். போன மாதம் சோதித்தேன், ஆரம்பம்தான் என்றார்கள். நான் இப்போதைக்குச் சாவதாக இல்லை.