அப்பா மலாயில் பேசிய நாள்

குடும்ப மருத்துவப் பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுப்பது வாயை மூடிக்கொண்டிருக்கத்தான். நோயாளி வந்து உட்கார்ந்ததும் அவரைப் பேசவிட வேண்டும், குறுக்கிடக் கூடாது. பிறகு, உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள், என்னிடம் என்ன எதிர்பார்த்து வந்தீர்கள் என்று பக்குவமாகக் கேட்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சி தரும் நிபுணர் அறையின் மூலையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருப்பார். கூலாய் நகரில் நான் வேலை பார்க்கும் அரசு கிளினிக்கில், வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருக்க, உள்ளே நான் இந்தப் பொறுமையைப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலத்திலும் மலாய் மொழியிலும் அந்தக் கேள்விகள் சீக்கிரம் வந்துவிட்டன. தமிழில்தான் தடுமாறினேன். செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், உங்களுக்கு என்னவாக இருக்கும் என்ற முதல் கேள்வியைக் கேட்டபோது, அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி பஸ் ஏறி வரேன்? நீங்கதானே படிச்சிருக்கீங்க," என்று சொல்லிச் சிரித்தார். நிபுணருக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சிரிப்பைப் பார்த்து, நோயாளியோடு நல்ல உறவு ஏற்பட்டுவிட்டது என்று எனக்கு மதிப்பெண் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் படித்து மேலே வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு பாசிர் கூடாங் துறைமுகப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் பட்டம் வாங்கியதும் எங்கள் அடுக்குமாடியில் அவருக்கும் பாதி டாக்டர் பதவி கிடைத்துவிட்டது. லிப்டுக்குக் காத்திருப்பவர்கள் அவரிடம் தலைசுற்றலையும் முட்டிவலியையும் சொல்வார்கள். அவரும் தயங்காமல், "உப்பக் குறைங்க, நம்ம பையன் அதான் சொல்வான்," என்பார். நான் அவரிடம் அப்படிச் சொன்னதே கிடையாது.

அவருக்குப் பல வருடங்களாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. முன்பெல்லாம் பக்கத்து அரசு கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர், நான் டாக்டரானதும் நிறுத்திவிட்டார். டாக்டருடைய அப்பா நம்பர் எடுத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவர் வாதம். தொழிற்சாலைக்காரர்கள் அனுப்பும் கிளினிக்கிலேயே மாத்திரை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதனால் ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் நான் கேட்க மட்டும் செய்தேன். எல்லாம் நார்மல் என்பார். விரலில் குத்திப் பார்க்கலாமா என்றால், போய்ப் பரீட்சைக்குப் படி என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்து வந்தவர் பூட்ஸைக் கழற்ற முடியாமல் சிரமப்பட்டார். நான் குனிந்து இழுத்துவிட்டேன். காலுறை இறுக்கிய தடத்துக்குக் கீழே பாதம் பொதபொதவென்று வீங்கியிருந்தது. கணைக்கால் எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது. உடம்பில் நீர் தேங்குகிறது, சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம்; எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவரும் ஏதோ புரிந்துகொண்டார். கிளினிக்குக்கு வாங்க என்றேன்.

உன் கிளினிக்குக்கு மட்டும் வரமாட்டேன் என்றார். சரி என்று, என்னோடு பயிற்சியில் இருக்கும் ஒரு மலாய்ப் பெண் மருத்துவரிடம், அவர் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே அழைத்துப்போனேன். நான் உறவினர் நாற்காலியில், சுவரோரமாக உட்கார்ந்தேன். அனாக் சயா டாக்டர், என் பையன் டாக்டர் என்றுதான் அப்பா பேச்சையே தொடங்கினார். அந்தப் பெண் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், அப்படியா அங்கிள், ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே மௌனம். அதை அவ்வளவு அழகாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த மௌனத்துக்குள் அப்பா பேசத் தொடங்கினார். என்னிடம் தமிழில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாததையெல்லாம் மலாயில் சொன்னார். தொழிற்சாலை கிளினிக்கில் அவர் சர்க்கரை மாத்திரை வாங்கியதே இல்லை. அங்கே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று பயம். முட்டிவலிக்கு பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், மூலிகை என்று விற்கும் கறுப்பு உருண்டைகளை வாங்கித் தின்றிருக்கிறார். தின்றால் அடுத்த ஷிப்ட் முழுக்க வலியில்லாமல் நிற்கலாமாம். எத்தனை காலமாக என்று மருத்துவர் கேட்டார். பையன் மருத்துவம் படிக்கப் போனதிலிருந்து என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாள் கணக்கு வைக்க அவருக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அந்த மாதிரி உருண்டைகளில் என்னென்ன வலிமாத்திரைத் தூள் கலந்திருக்கும், அவை சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று கிளினிக்கில் வாரந்தோறும் நான் ஆட்களை உட்காரவைத்துச் சொல்வது உண்டு.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் கழுவ வேண்டிவரும். இப்போதே கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை செய்துவைத்தால், அவசரத்தில் கழுத்தில் குழாய் போட நேராது. நாள் குறித்துத் தந்தார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். காரில் ஏறியதும் வேண்டாம் என்றார்.

ஏன் என்று கேட்டேன். சண்டைபோடாமல், கற்றபடி, காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "டாக்டரு அப்பனுக்கே கையில பைப்பு மாட்டிருக்குன்னா, நாளைக்கு ஒன்கிட்ட எவன் வருவான்? நீ மொதல்ல ஸ்பெஷலிஸ்ட் பாஸ் பண்ணு. அப்பறம் பாத்துக்கலாம்."

"கிட்னி அதுவரைக்கும் காத்திருக்காதுப்பா."

"ஒனக்காக அதுவும் காத்திருக்கும்லா," என்றார். சிரிக்கவும் செய்தார்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது எதுவுமில்லை. படம் வரைந்து காட்டினேன். அம்மாவை அவர்முன் அழவைத்தேன். அந்த மலாய் மருத்துவர் போனில் பேசினார், அவரிடம் மட்டும் அப்பா மரியாதையாகச் சரி சரி என்றார். மனம் மாறத் தயாராக இல்லாத நோயாளியை எப்படி அணுகுவது என்று எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. அதில் எனக்கு நல்ல மதிப்பெண். குறித்த நாளில் அப்பா மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒரு விடியற்காலை அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். நுரையீரலெல்லாம் நீர். எதைத் தவிர்க்க அத்தனை பேசினோமோ, மருத்துவமனையில் அதையே செய்தார்கள், கழுத்தில் குழாய். நான் போய்ச் சேர்ந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடமோ தாதியிடமோ நான் தன் டாக்டர் பையன் என்று அவர் சொல்லவில்லை. நான் டாக்டரான பிறகு, நான் கூட இருக்கும்போது அவர் அதைச் சொல்லாமல் இருந்தது அன்றுதான் முதல்முறை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெஷினைப் பார்த்து, "இத எப்ப நிறுத்துவாங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறையை நான் பழகியிருக்கிறேன். நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டும். குரல் தணிந்திருக்க வேண்டும். தமிழில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"நிறுத்த மாட்டாங்கப்பா," என்றேன்.

அவர் தலையை அசைக்கப் பார்த்தார், குழாய் விடவில்லை. எனக்கு கிளினிக் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இன்று லீவு என்றேன். "லீவெல்லாம் போடாத, போ," என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் போகவில்லை. அவரும் கண்ணைத் திறக்காமல், தூங்காமல் படுத்திருந்தார்.