ராகுகாலத்தில் திறக்காத இணைப்பு

புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கும் மெயிலும் என் பொறுப்பு. என் கணினியில் மெயில் உடனே வந்துவிடும். அதோடு வரும் இணைப்புதான் சில நேரம் திறக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் மக்கர் செய்யும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நெருங்கும்போது. புதன் என்றால் சாப்பாட்டு நேரத்தில். மற்ற நேரமெல்லாம் சமர்த்து.

காரைக்குடியிலிருந்து சர்வீஸ்காரர் பல தடவை வந்தார். பழைய மெயில்களை ஒதுக்கினார், வைரஸ் தடுப்பானை மாற்றினார். அவர் முன்னால் எல்லாம் பளிச்சென்று திறந்தது. "நான் வந்தா மட்டும் நல்ல பிள்ளையா இருக்குக்கா" என்றார். அவர் ராகுகாலத்தில் வந்ததே இல்லை. முதலாளி அந்த நேரத்தில் ஆளை வரச் சொல்ல மாட்டார்.

ஒரு தடவை ராகுகாலத்தில் பில் அடித்து அனுப்பிய லாரி, மானகிரி தாண்டுவதற்குள் அச்சு முறிந்து நின்றுவிட்டது. அதிலிருந்து ராகுகாலம் தொடங்கியதும் முதலாளி தன் அறையில் இருக்கும் பிரிண்டரின் சுவிட்சைத் தானே அணைத்துவிடுவார். ஆலை பாட்டுக்கு ஓடும். நெல் அரைப்பதில் ராகுவுக்கு ஆட்சேபம் இல்லை, பில் அடிப்பதில்தான்.

என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். கழுத்தில் ஒரு கட்டி வந்து, சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். முடிவை அனுப்ப மெயில் முகவரி கேட்டார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அலுவலக முகவரி ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு மெயில் வந்தது. 'அறிக்கை இணைப்பில் உள்ளது. நன்றி.' அவ்வளவுதான். கிளிக் செய்தேன். வட்டம் சுற்றியது. அந்த 'நன்றி'யை எத்தனை விதமாகப் படிக்க முடியுமோ அத்தனை விதமாகவும் படித்தேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மணியப் பாத்தீகளா? பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். இப்பப் போயி அதத் தொறக்குறீகளே."

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். வட்டம் சுற்றுவதைச் சொன்னேன்.

"இப்பச் சுத்துதாக்கா? அப்பாடி, ஒருவழியா சிக்கிருச்சு!" அவருக்கு ஒரே சந்தோஷம். "பிரிண்டர் ஓடுதான்னு பாருங்க."

"நான் பிரிண்டா எடுக்குறேன்? தொறக்கத்தானே சொல்றேன்."

"எதத் தொறந்தாலும் அது மொதல்ல பிரிண்டரத்தான் தேடும்க்கா. அணைஞ்சு கெடந்தா தேடிக்கிட்டே நிக்கும்."

முதலாளியின் அறைக்குள் போய், கேட்காமலே சுவிட்சைப் போட்டேன்.

"ஏம்மா, ராகுகாலத்துல..."

"எம் மக ரிப்போர்ட்டுங்கய்யா."

அவர் எழுந்து என் பின்னாலேயே வந்தார். நான் திரும்பி வருவதற்குள் அறிக்கை திறந்திருந்தது. கடைசி வரிக்குத்தான் கண் போனது. புற்றுநோய் இல்லை. நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தேன், நல்லவேளை, இருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லையாம்யா."

"ஆத்தா காப்பாத்திட்டா" என்றவர், கையோடு போய்ப் பிரிண்டரை அணைத்தார்.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்து, பெயருக்கு மட்டும் கணினிக்குள்ளேயே உள்ள ஒரு பிரிண்டரைக் கணினிக்குக் காட்டிவிட்டுப் போனார். இனி அது தேடி அலையாது. எந்த நேரத்திலும் எதுவும் திறக்கும். முதலாளிதான் ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாம் ராகுகாலத்தாலதான்னு நான் அப்பவே சொன்னேன்ல." மறுக்க வழியில்லை. ஒருவகையில் அதுதான் உண்மை.

ஆறு மாதம் கழித்து மகளுக்கு மறுபரிசோதனை. அதிலும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறிக்கையும் வந்தது ஒரு வெள்ளிக்கிழமைதான், பதினொரு மணி தாண்டி. தொட்டால் திறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். படித்தவள், காரணமும் தெரியும். மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்யா."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"மெதுவாவே குடிங்க" என்றார்.