குங்குமம் வைத்த சீல்

ஒன்பது வருடமாக அந்த முந்திரிக்காரர் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். அவனை மூன்றே வாரத்தில் 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என் வயிற்றெரிச்சலுக்கு இதைவிடப் பெரிய காரணம் இருந்ததாக நான் சொன்னால் அது பொய்.

கடலூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் எனக்கு அக்கவுண்ட் மேனேஜர் வேலை. பெயரைக் கேட்டு, மாமனார் வீட்டில் இன்னும் நான் கணக்கு எழுதுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பிடிக்க வேண்டும், காலி கண்டெய்னரை அவர்கள் வாசலுக்கு வரவழைக்க வேண்டும், காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும், கப்பல் தாமதமானால் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என்னிடம் இருந்ததிலேயே பெரிய வாடிக்கையாளர் அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரி ஆலை வைத்திருக்கும் அந்த முதலாளி. கடல் தாண்டிப் பருப்பு அனுப்பப் பயந்துகொண்டிருந்தவரை மாதக்கணக்கில் போய்ப் பேசி, முதல் கண்டெய்னரை அனுப்ப வைத்தவன் நான். போகும்போதெல்லாம் டீயும் தட்டில் நான்கு பிஸ்கட்டும் வரும். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

அவன் என்னோடு காலேஜில் படித்தவன். கடலோரக் குப்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரத்தில் குடியேறியவன். வேலையில்லாமல் இருக்கிறானே என்று மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதும் நான்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்தபோது அந்த ஆலைக்கு அவன் போய்வந்தான். நான் எழுந்து, இளைத்த உடம்போடு அங்கே போய் நின்றால், முதலாளி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாப்ள வரலையா சார்?"

அந்த வாரம் அவன் வண்டியில் ஒரு முழுப் பலாப்பழம் கட்டியிருந்ததை ஆபீஸ் வாசலில் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு சுளை வந்ததில்லை. "அவர்தான்டா கட்டி உட்டாரு, வேணான்னாலும் கேக்கல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சாயங்காலம் வீட்டில், காரணமே இல்லாமல், சோற்றில் உப்பு ஜாஸ்தி என்று மனைவியிடம் கத்தினேன்.

பிறகு ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "முந்திரி அக்கவுண்ட்ட உங்க ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடலாம்னு பாக்குறேன். முதலாளியே கேக்குறாரு. அடுத்த கண்டெய்னர அவர் பாக்கட்டும். ஒழுங்கா போச்சின்னா அவருக்கே உட்டுடலாம். நீங்க சிதம்பரம் பக்கம் பாருங்க." அவன் ஊர் எனக்கு, என் ஆலை அவனுக்கு. சரி சார் என்றுவிட்டு வெளியே வந்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

பொறுப்பை ஒப்படைக்க இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆலைக்குள் லாரி திரும்பும் இடம், எந்தக் கப்பல் கம்பெனி அவருக்கு ஆகாது, எந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட மறப்பார், எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சரக்கு ஏற்றியதும் கண்டெய்னர் கதவில் ஒரு கட்டை விரல் பருமனுக்கு இரும்பு சீல் மாட்டுவார்கள். அதன் தலையில் ஒரு நம்பர் இருக்கும். அதே நம்பர் கப்பல் ரசீதிலும் இருந்தாக வேண்டும். ஒரு எண் மாறினாலும் அக்கரையில் சுங்கத்துக்காரர்கள் கண்டெய்னரை நிறுத்தி, கதவைத் திறந்து, மூட்டைகளை இறக்கிப் பார்ப்பார்கள். வாங்குகிறவன் அடுத்த முறை வேறு ஆளைத் தேடிப் போய்விடுவான். அந்த ஆலையில் சீல் மாட்டியதும் பூஜை உண்டு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், பிறகு முதலாளியின் மனைவி வந்து கதவுக்கு மஞ்சள் பூசி, சரியாக அந்தச் சீலின் தலையில் குங்குமம் வைப்பார். அதனால் நான் எப்போதும் பூஜைக்கு முன்பே போட்டோ எடுத்துவிடுவேன். எழுதாமல் விட்டது இதைத்தான்.

அன்றைக்கு நான் சிதம்பரத்தில் ஓர் அரிசி மில்லில் உட்கார்ந்திருந்தேன். மதியம் அவனிடமிருந்து வாட்ஸாப் வந்தது. சீலின் போட்டோ, கூடவே கப்பல் ரசீதின் டிராஃப்ட். "மச்சான், ஒரு தடவ பாத்துடு. அஞ்சு மணிக்குள்ள கப்பல் கம்பெனிக்கு அனுப்பணும்." போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எண்ணின் இடது பாதியைக் குங்குமம் மூடியிருந்தது. அவன் அதை மூன்று என்று எடுத்திருந்தான். அது எட்டு. அந்தச் சீலை என் மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நான்தான், நோட்டில் நம்பரை எழுதியதும் என் கைதான்.

போனைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது காலில் செருப்பே இல்லாதது போல அவ்வளவு லேசாக இருந்தது. கண்டெய்னர் மாட்டிக்கொள்ளும், முதலாளி எனக்குப் போன் செய்வார், 'நீங்களே வந்துடுங்க சார்' என்பார். அந்தக் குரலைக்கூட மனதுக்குள் கேட்டுவிட்டேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது அந்த அம்மாளின் விரல் ஞாபகம் வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்த பொட்டு அது. போனை எடுத்து, 'சீல் நம்பர்' என்று தட்டினேன். பலாப்பழம் நினைவுக்கு வந்தது. அழித்தேன். ஆலப்பாக்கத்தில் மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். கடலூர் வந்தபோது மணி ஐந்தேகால். இனி என் கையில் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் முதலாளி போன் செய்தார்.

"மாப்ள, கொஞ்சம் ஆலைக்கு வந்துட்டு போங்க."

அவனுக்குப் போட வேண்டிய போனை எனக்குப் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். "சார், நான் கடலூர்லேர்ந்து" என்று இழுத்தேன். "தெரியும் மாப்ள, உங்களத்தான் கூப்புடுறேன். சீல் நம்பர் தப்புன்னு நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமே. உங்க ஃப்ரெண்டு எல்லாத்தையும் சொன்னாரு. இல்லன்னா நம்ம பேரு கெட்டிருக்கும்."

போனேன். அந்த அம்மாள் காபி கொடுத்தார். இனிமேல் எந்த அக்கவுண்ட் எவரிடம் என்ற பேச்சே வேண்டாம், என்னையே வைத்துக்கொள்வதாக மேனேஜரிடம் முதலாளி சொல்லியும் விட்டிருந்தார். கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டியில் நேராகச் சிதம்பரம் பஸ் ஏறினேன். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு.

அவன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுக்க உட்கார்ந்தான். எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"எதுக்குடா அவர்கிட்ட அப்டி சொன்ன?"

"நீதான மச்சான் சொன்ன."

"நான் எங்க சொன்னேன்?"

"நீ எப்பவும் பாத்த ஒடனே ஓகேன்னு போட்டுடுவ. நேத்து நீ பாத்துட்ட, ப்ளூ டிக் வந்துடுச்சி, பதிலக் காணோம். அப்புறம் டைப்பிங்னு காட்டுச்சி, ஒண்ணும் வரல. இன்னொரு வாட்டியும் அதே மாதிரி. என்னமோ தப்பு இருக்குதுன்னு தெரிஞ்சி போச்சி. கண்டெய்னர் லாரி டிரைவருக்கு போன் போட்டேன். ஹார்பர் போற வழியில திண்டிவனத்துல டீ குடிச்சிட்டு இருந்தாரு. குங்குமத்த தொடச்சிட்டு நம்பர படிக்க சொன்னேன்."

"ஏன் அனுப்பலன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா என்ன சொல்லுவ?" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பாலைத் துடைத்துவிட்டுச் சுளை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். நன்றாகப் பழுத்திருந்தது. நான் சாப்பிட்டேன்.

இப்போதும் மாதம் இரண்டு முறை ஆலைக்குப் போகிறேன். பூஜைக்கு முன்பே போட்டோ எடுக்கிறேன். முதலாளி தவறாமல் மாப்ள என்றே கூப்பிடுகிறார். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ப்ளூ டிக்கை அப்படியே மேனேஜரிடம் காட்டியிருப்பேன், முதலாளியிடமும் காட்டியிருப்பேன். அவன் யாரிடமும் காட்டவில்லை. அது எப்படி அவனால் முடிந்தது என்று நினைக்கும்போது வருகிற வயிற்றெரிச்சலுக்கு முன்னால், பழையது ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது.