அண்ணியிடம் மட்டும் நிற்கும் கம்ப்யூட்டர்

எங்கள் அண்ணி இருமல் எடுப்பவள். வைத்தியம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாசலில் வரிசை கட்ட வேண்டாம். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து வைக்கும் ஒலி நூலகம் ஒன்று ஊரில் இருக்கிறது. படிப்பவர்களும் மனிதர்கள்தானே? இருமுவார்கள், செருமுவார்கள், மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பார்கள். நாற்காலி கிறீச்சிடும். கதாநாயகி உயிரை விடும் கட்டத்தில் வெளியே எவனாவது ஹாரன் அடிப்பான். அந்தப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேண்டாத சத்தங்களை ஒவ்வொன்றாக வெட்டி எறிவது அண்ணியின் வேலை.

அவளுக்குப் பாம்புச் செவி. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தபடியே, கூடத்தில் நான் பிஸ்கெட் டப்பாவைத் திறந்ததைக் கண்டுபிடித்துவிடுவாள். எத்தனை எடுத்தேன் என்பதுவரை தெரியும், சொல்லமாட்டாள். நாத்தனாரைக் காட்டிக்கொடுக்காத அண்ணி எத்தனை பேருக்கு வாய்ப்பாள்?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் புகார் வாங்கும் பிரிவில் இருந்தாள். காலையில் காதில் மாட்டினால் சாயங்காலம் வரை வசவுதான். லைன் வரவில்லை என்பதில் ஆரம்பித்து, பரம்பரையே இழுக்கப்படும். அந்த அலுவலகத்தை மூடியபோது உடன் இருந்தவர்கள் அழுதார்களாம், இவள் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினாளாம். பிறகுதான் நூலக வேலை. "அங்க எல்லாரும் என்னைத் திட்டினாங்க. இங்க ஒருத்தர் நாள் பூரா எனக்குக் கதை படிக்கறார். இதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்கன்னா பாரேன்" என்பாள். அந்த ஒருத்தர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். கணீரென்ற குரல், ஆனால் நாலு வாக்கியத்துக்கு ஒரு செருமல். வீட்டில் அவருக்குச் செருமல் ஐயா என்று பெயர். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அண்ணிக்கோ, அவர் செருமுவதற்கு முன்னால் மூச்சை இழுப்பதே தெரிந்துவிடும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது.

செருமல் ஐயா ஒரு தடித்த நாவலைப் படித்து முடித்திருந்தார். அண்ணி அதில் மும்முரமாக இருக்கும்போது திடீரென்று திரை அப்படியே உறைந்துவிடும். மவுஸை உருட்டினாலும் அம்புக்குறி அசையாது, மூலையில் கடிகாரம் நின்ற இடத்தில் நிற்கும். ஐயா கடைசியாகச் சொன்ன எழுத்து மட்டும் ஹெட்போனில் ர்ர்ர்ர்ரென்று நீண்டுகொண்டே இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட வேண்டியதுதான். அதுவரை வெட்டிய இருமல்களெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும்.

முதலில் பரிசோதனைக்கு வந்தவன் என் அண்ணன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். ஆகையால் உலகத்தில் எதையும் தான் பரிசோதிக்கலாம் என்று நினைப்பு. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சீட்டு விளையாட்டு ஆடினான். ஆறு ஆட்டம் ஜெயித்தான். கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை.

"பாத்தியா? என்கிட்ட நல்லாத்தானே ஓடுது?" என்றான்.

அடுத்து அம்மா. மத்தியானம் சாவகாசமாக உட்கார்ந்து, விட்டுப்போன சீரியல் பாகங்களையெல்லாம் பார்த்து முடித்தாள். கம்ப்யூட்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அடக்கமாக இருந்தது.

"மிஷினுக்கும் ஆள் தெரியும் போல" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் அது போய் எங்கே தைக்கும் என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இந்த வீட்டில் இது புதிதும் அல்ல. வாசல் கதவுப் பூட்டும் அப்படித்தான். எங்கள் எல்லோருக்கும் திறக்கும், அண்ணி கடைக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் சாவி பாதியில் சிக்கிக்கொள்ளும். மணியை அடிப்பாள். அண்ணன் உள்ளேயிருந்து எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே வந்து மறுபடி பூட்டி, இரண்டு விரலால் சாவியைத் திருப்பித் திறந்து காட்டுவான். "அவசரப்படாம, நேராத் திருப்பணும்மா. அவ்வளவுதான்" என்று பாடமும் நடக்கும். அண்ணி பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு சர்வீஸ்காரர் வந்தார். கம்ப்யூட்டர்கள் பழுது பார்ப்பவர், நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து மூக்கை உறிஞ்சினார். "தூசி, மேடம். சூடாகி நிக்குது" என்று பிரஷ்ஷால் தட்டி, ஊதி, மின்விசிறியை மாற்றினார். கால் மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியிருப்பார், அண்ணி நாவலைத் திறந்து ஒரு அத்தியாயம் வெட்டுவதற்குள் திரை உறைந்தது. மறுபடி கூப்பிட்டோம். உள்ளே இருந்த மென்பொருளையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை வந்தபோது அவர் பெட்டியைத் திறக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க எப்படி யூஸ் பண்றீங்கன்னுதான் பாக்கணும்" என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அண்ணியைப் பார்த்தோம். நானும்தான்.

நிற்பது ஒரு பக்கம் என்றால், அதைவிடப் பெரிய இடி நூலகத்திலிருந்து வந்தது. அங்கே பொறுப்பில் இருக்கும் அதிகாரி போன் செய்தார். அண்ணி கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், எல்லோருக்கும் கேட்டது.

"என்னம்மா இது, இருமலை எடுக்கச் சொன்னா டிக் டிக்குன்னு புதுசாச் சத்தம் சேர்த்து அனுப்பியிருக்கீங்க? முதல் பாகம் பூரா அங்கங்க டிக்குங்குது. கேக்கறவங்களுக்குக் காதுதானேம்மா எல்லாம்?"

"சார், நான் அனுப்பும்போது அப்படி இல்லையே..."

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுங்க. இந்தத் தடவையும் இப்படியே வந்தா, வேற ஆளைத்தான் பாக்கணும். வருத்தப்படாதீங்க."

போனை வைத்துவிட்டு, அனுப்பிய பாகத்தை அண்ணி போட்டுக் கேட்டாள். அவர் சொன்னது உண்மைதான். ஐயாவின் மூலப் பதிவில் இல்லாத டிக், அண்ணி வெட்டிச் சேமித்ததில் இருந்தது. பிஸ்கெட் டப்பா திறப்பதைக் கேட்கிற காது, தன் கையால் போன சத்தத்தைக் கேட்காமல் விட்டிருக்குமா?

துணி காயப்போடும் மாடியில் அன்றைக்கு என்னிடம் கேட்டாள். "வாயாடி, உண்மையச் சொல்லு. நான்தான் ஏதாவது தப்பாப் பண்றேனா? எல்லார்கிட்டயும் ஓடுது. என்கிட்ட மட்டும் நிக்குதே." உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். தன் கையையே ஒருத்தி சந்தேகப்படுவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அன்று சாப்பிடும்போது பேச்சை மாற்றலாம் என்று என் ஆபீஸ் கதையை எடுத்துவிட்டேன். நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார் எடுத்து ஆள் அனுப்புகிறவள்.

"ஒரு அடுக்குமாடியில லிஃப்ட் பாதியில நிக்குதுன்னு புகார் மேல புகார். எங்க மெக்கானிக் போய் பத்து தடவை மேலயும் கீழயும் போயிட்டு, நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார். இன்னிக்கு இன்ஜினியர் போனார். உள்ள இரும்புக் குண்டெல்லாம் ஏத்தி, முழு பாரத்தோட ஓட்டினார். ரெண்டாவது மாடி தாண்டல, நின்னுடுச்சு. அந்த மெக்கானிக் ஆளே ஈர்க்குச்சி. அவர் ஒருத்தர் ஏறினா எந்த லிஃப்ட்தான் நிக்கும்?"

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"காலியா ஓட்டிப் பாத்திருக்காரு" என்றாள்.

"ஆமா."

"நீங்களும் அப்படித்தானே?" என்று அண்ணன் பக்கம் திரும்பினாள். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அறைக்குப் போனாள். நாங்கள் எச்சில் கையோடு பின்னாலேயே ஓடினோம்.

கம்ப்யூட்டரில் மெமரி எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் கட்டம் ஒன்று உண்டாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டு விளையாட்டைப் போட்டாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. சீரியலைப் போட்டாள். கொஞ்சம் எழுந்தது. அப்புறம் நாவலைத் திறந்தாள். மணிக்கணக்கான குரல், வெட்டியதைத் திரும்பப் பெறுவதற்கான நகல்கள், எல்லாம் உள்ளே ஏற ஏற, கோடு கிடுகிடுவென்று உச்சிக்குப் போனது. கூரையைத் தொட்டதோ இல்லையோ, திரை உறைந்தது. ர்ர்ர்ர்ர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கம்ப்யூட்டர் நின்றதற்காக அண்ணி கை தட்டினாள்.

மறுநாளே சர்வீஸ்காரருக்குப் போன் போனது. "மெமரி மொத்தத்தையும், ஒரு மூலை விடாம சோதிக்க வழி இருக்கா?"

"இருக்கு மேடம். மணிக்கணக்கா ஆகும். யாரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டாங்க, அதான் நானும் செய்யறதில்ல."

"நான் காத்திருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பென் டிரைவோடு வந்தார். அதைச் செருகிப் போட்டதும், வழக்கமான படங்கள் எதுவும் வராமல், வெறும் எழுத்துகள் ஓடின. மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் அது எதையோ எழுதிப் பார்க்குமாம். பிறகு படித்துப் பார்க்குமாம். எழுதினது ஒன்று, படித்தது வேறொன்று என்றால் சிவப்பு வரி. டிக் சத்தமும் அப்படி வந்ததுதான் என்றார் சர்வீஸ்காரர். அண்ணி கொடுத்த குரலை வாங்கி வைத்துக்கொண்டு, திருப்பித் தரும்போது எங்கேயோ ஒரு துளியை மாற்றித் தந்திருக்கிறது.

கால்வாசி போனது, சிவப்பு இல்லை. அரைவாசி போனது, இல்லை. அண்ணன் தொண்டையைச் செருமினான். அம்மா, "போதும், அணைச்சிடுங்க, சூடாகப்போகுது" என்றாள். அண்ணி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முக்கால்வாசியைத் தாண்டி, இதுவரை சீட்டுக்கட்டும் சீரியலும் எட்டியே பார்க்காத பகுதிக்குப் போனதும் ஒரு சிவப்பு வரி வந்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் திரையே சிவந்துவிட்டது.

"உள்ள ரெண்டு ரேம் இருக்கு, மேடம்" என்றார் சர்வீஸ்காரர். விரல் நீளத்தில் பச்சைத் தகடுகள், அவைதான் மெமரி. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதைச் சோதித்தார். சுத்தம். இதைக் கழற்றி அதைப் போட்டார். சிவப்பு. அவர் பெட்டியை மூடப் போனபோது அண்ணி தடுத்தாள்.

"இருங்க. அது உக்காந்திருக்கற இடம் சரியில்லையோ என்னவோ? பக்கத்து இடத்துல மாத்திப் போட்டுப் பாருங்க. பாவம், வீண்பழி வேண்டாம்."

மாற்றிப் போட்டார். அங்கேயும் சிவப்பு. தகடுதான் குற்றவாளி என்று முடிவானது.

அண்ணி அண்ணனைப் பார்த்து, "நான் இல்லங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உடனே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புகார் பிரிவில் அத்தனை வருஷம் வசவு வாங்கியபோதுகூட அழாதவள் அவள். அண்ணனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தாள், முதல் டம்ளரை மருமகளிடம் நீட்டினாள். நான் சும்மா இருப்பேனா? "ஏண்ணே, உங்க கடைக்கு வர்றவங்ககிட்டயும் மேல இருக்கற பெரிய எழுத்த மட்டும் காட்டிட்டு, கண்ணு நல்லா இருக்குன்னு அனுப்பிடுவியா?" என்று கேட்டேன்.

வாரண்டியில் புதுத் தகடு வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஆகவே நல்ல தகடு ஒன்றை மட்டும் வைத்து, நாவலைத் துண்டு துண்டாக நறுக்கி, மூலப் பதிவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். அந்த வாரம் சமையல் அண்ணன் பொறுப்பு. அதைப் பற்றி மேலே எழுதினால் அடிக்க வருவான். வெள்ளிக்கிழமை காலையில் நாவல் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, திங்கட்கிழமை அதிகாரி கூப்பிட்டார்.

"சத்தமே இல்லம்மா" என்றார். "அடுத்த புத்தகம் அனுப்பறேன்." பட்டம் வாங்கினவள் மாதிரி அதை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம். வாசல் மணி அடித்தது. அண்ணி கடையிலிருந்து வந்திருந்தாள், இரண்டு கையிலும் பிதுங்கும் பைகள், சாவி பூட்டில் பாதியில் சிக்கியிருந்தது. அண்ணன் வழக்கம்போல எழுந்து போனான். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன். கதவைத் திறந்து வெளியே வந்தான், பூட்டினான், சாவியை இரண்டு விரலால் பிடித்தான்.

"அவசரப்படாம, நேரா..."

பாதியில் நிறுத்திவிட்டான். சாவியை விட்டான். அண்ணியின் கையிலிருந்த பைகளை வாங்கி, அவள் மாட்டியிருந்தது போலவே இரண்டு மணிக்கட்டிலும் மாட்டிக்கொண்டான். அந்தக் கையோடு மறுபடி சாவியைப் பிடித்தான். பையின் கனம் கையைக் கீழே இழுத்தது, சாவி சாய்ந்தது, பாதியில் சிக்கியது. இன்னொரு தடவை முயன்றான். நெற்றியில் வியர்த்துவிட்டது, பூட்டு அசையவில்லை.

பைகளோடு வாசலில் நின்றபடி அண்ணியைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் திறக்கல" என்றான்.