மூணு விரல்

அன்று எங்கள் அணியைத் தோற்கடித்தது ஆவடிப் பெண்கள் இல்லை, என் அம்மாதான். யார் வந்து மறுத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. மண்ணூர்பேட்டை மைதானத்தில் கபடி இறுதியாட்டம். அணியை நடத்தியவர் சித்தப்பா. யாருக்காவது தலையில் அடிபட்டால் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்பார். எப்போதும் மூன்று விரல்தான். அது எங்களுக்கு அத்துப்படி. மூணு என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடுவோம். பாதுகாப்பு என்று இருந்தது அவ்வளவுதான், வேறு ஒரு மண்ணும் கிடையாது.

ரெய்டு போன என்னை நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். தலை தரையில் மோதியது. எழுந்தேன், தண்ணீர் ஊற்றிக்கொண்டேன், சித்தப்பாவிடம் மூணு என்றேன். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். உருப்படியாக ரெய்டு போகிறவள் நான் ஒருத்திதான்.

தொழிற்பேட்டை ஆலையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிற அம்மா, வேலை முடிந்து நேரே ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். பக்கத்திலிருந்தவளிடம் ஸ்கோர் என்ன என்று நான் மூன்று தரம் கேட்டேனாம். அதைக் கவனித்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி வந்தாள்.

“ஒண்ணியும் இல்ல அண்ணி, நல்லாத்தான் கீறா,” என்று சித்தப்பா மறித்தார்.

அம்மா அவரைத் தள்ளிவிட்டு என் முன்னால் கையை நீட்டினாள். “இது எத்தினி?”

“மூணு.”

அவள் நீட்டியிருந்தது இறுக்கி மூடிய கை.

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. ஆனாலும் கோப்பை ஆசை விடவில்லை, இன்னும் ஒரே ஒரு ரெய்டு என்று கெஞ்சினார். அம்மா ஆலையின் நீலக் கோட்டோடு போய் நடுக்கோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார், கூட்டம் கூச்சல் போட்டது. அவள் அசையவில்லை.

“அவ ஆடணும்னா என்ன மிதிச்சுக்கினு போவ சொல்லு.”

யாரும் மிதிக்கவில்லை. என்னை வெளியே உட்கார வைத்த பிறகுதான் எழுந்தாள். நாங்கள் தோற்றோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் அவள் மடியிலேயே இரண்டு தரம் வாந்தி எடுத்தேன், எடுத்த வாயாலேயே அவளைத் திட்டினேன்.

இன்று வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிப் பெண்களுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். தலையில் அடி என்றால் அன்றைய ஆட்டம் அவளுக்கு முடிந்தது. முறைக்கிறார்கள். நன்றாக முறைக்கட்டும்.

நான் மட்டும் என்ன, ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லையே. ஒரு விரலைக்கூட நீட்டாமல் எத்தனை என்று கேட்டால் யாரால் சரியாகச் சொல்ல முடியும், அம்மா ஆடியது அழுகுணி ஆட்டம் என்று தெருவெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.