யப்பான் குடையும் நாவலப்பிட்டி மழையும்

சந்தையில் முருங்கைக்காய் வாங்குவதென்றாலும் நான் முறித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். என் கணவரோ யப்பானிலிருந்து தபாலில் வந்த ஒரு படப்புத்தகத்தை நம்பி, கண்காணாத குடைக் கொம்பனி ஒன்றுக்கு முழுக்காசையும் முன்கூட்டியே அனுப்பப் போகிறேன் என்று வந்து நின்றார். எழுபதுகளின் கடைசி அது. வெளிநாட்டுச் சாமான் இறக்குவதற்கு இருந்த தடையெல்லாம் அப்போதுதான் தளர்ந்திருந்தது. பொங்கலுக்குப் புங்குடுதீவுக்கு வந்தவர், மலைநாட்டில், நாவலப்பிட்டியில் தான் புதிதாகப் போட்ட கடைக்கு மொத்தமாகக் குடை இறக்கப் போவதாகச் சொன்னார்.

குடை விற்றால் அங்கே வீடு எடுத்து என்னையும் பிள்ளையையும் கூப்பிடுவாராம். எனக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான். எங்கள் ஊரில் ஆண்கள் தெற்கே கடையில் இருப்பார்கள், பெண்கள் வீட்டு வளவில் இருப்பார்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் புருசன் முகம் பார்க்கிற சீவியம். கலியாணமாகி ஆறு வருடம் அப்படி இருந்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தக் குடை கவிழ்ந்தால் அந்த வீடும் கவிழ்ந்துவிடும்.

"முழுக்காசும் அனுப்பினால் விலை குறைப்பினமாம்" என்றார்.

"குறைப்பினம். பிறகு ஓட்டைக் குடை வந்தால் யப்பானுக்கு நீந்திப் போய்ச் சண்டை பிடிப்பியளோ? முதல் சாமானைக் கண்ணாலை காட்டுங்கோ."

முணுமுணுத்துக்கொண்டாலும் மாதிரி கேட்டு எழுதினார். ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு குடைகளைக் கொண்டுவந்தார். ஒன்று மெல்லிய கம்பி வைத்தது, கைக்கு அடக்கமானது. மற்றது தடித்த இரும்புக் கம்பியோடு உலக்கைப் பாரம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்று தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வாங்கு வாங்கென்று வாங்கியது. நயினாதீவு வள்ளத்துக்குக் காத்து நின்ற சனமெல்லாம் பார்க்க, மெல்லிய குடையை விரித்தேன். ஒரே அடி! குடை மறுபக்கம் புரண்டு, என்னையும் இரண்டடி இழுத்துக்கொண்டு போனது.

"அக்கா, கெட்டியாப் பிடியுங்கோ, பஸ் இல்லாமல் யாழ்ப்பாணம் போயிடுவியள்!" என்று ஒருவன் கத்தினான். துறையே சிரித்தது.

பாரக் குடை அசையவில்லை. "இதுதான் குடை. இதையே எடுங்கோ" என்று தீர்ப்புச் சொன்னேன்.

கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உமக்கென்ன விசரே? கடை கிடக்கிறது நாவலப்பிட்டியிலை. அங்கை சோளகமே அடிக்குது? அங்கை மழையப்பா, மழை!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மழையை நான் எங்கை கண்டனான்? ஆறு வருசத்திலை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனனீங்களே?"

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. கோயிலில் கும்பிட்டு வெளியே வந்ததும், "வெளிக்கிடும். பிள்ளையையும் கொண்டு வந்து அந்த மழையிலையே பாரும்" என்றார்.

"கடையடிக்குப் பொம்பிளையள் போறதில்லை, மோனை" என்று மாமியார் தன் மகனிடம் முகத்தைச் சுளித்தார். சாமான் பார்த்ததும் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கணவர் அவருக்குச் சமாதானம் சொன்னார். அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. என்றாலும் யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினேன்.

நாவலப்பிட்டி மழைக்கு அவசரமே கிடையாது. விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை நேராகக் கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு குடைகளையும் காயவிடாமல் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தேன். நான் தீர்ப்புச் சொன்ன பாரக் குடை ஒரு கிழமைக்குள் துருப்பிடித்து, விரிக்கவே ஏலாமல் இறுகிவிட்டது. அதைத்தான் கப்பல் நிறைய இறக்கச் சொல்லியிருந்தேன், கடவுளே! மெல்லிய குடையின் கம்பி பளபளவென்றே இருந்தது. ஆனால் துணி சாயம் விட்டு, அவருடைய வெள்ளை வேட்டியில் கரிச்சட்டி கழுவிய தண்ணீராக ஒழுகியது. அவர் துள்ளினார். இந்த முறை நான் சிரித்தேன்.

துணியை மாற்றச் சொல்லி எழுதி, மூன்றாவது மாதிரி வந்து, அது மழையில் தேறிய பிறகுதான் ஓடர் கொடுத்தோம். அதுவும் முதல் தரம் கொஞ்சமாக. அந்த மாதிரியைப் போல இரண்டு குடைகளில் முத்திரை வைத்து, ஒன்றை நாங்களும் ஒன்றை யப்பான் கொம்பனியும் வைத்துக்கொண்டோம். காசு வங்கி மூலம். கப்பலேற்றுமுன் பரிசோதகர் ஒருவர் யப்பானிலேயே பெட்டிகளைத் திறந்து, முத்திரை வைத்த குடையோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கடுதாசி வந்தால்தான் வங்கி காசை விடும். விலை கூடத்தான். நிம்மதியாக நித்திரை வந்ததே, அது போதாதா?

கப்பல் வரட்டும் என்று நான் நாவலப்பிட்டியிலேயே நின்றேன். அவரும் போகச் சொல்லவில்லை, நில்லென்றும் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் மூவரும் நெருக்கிப் படுத்தோம். அவருக்குச் சுடச்சுடச் சோறு போட்டேன். மகள் அப்பாவின் தோளில் ஏறப் பழகினாள். அவ்வளவு சந்தோசமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை. கப்பல் தாமதித்தால் நல்லது என்றுகூட வேண்டினேன்.

ஐப்பசியில் பெட்டிகள் வந்தன. அடிப்பெட்டியில், நடுவிலிருந்து உருவிப் பார்த்தேன். எல்லாம் சொன்ன குடைதான். அடைமழை நாளில் சனம் கடையை மொய்த்தது. கடைசிக் குடையும் விற்ற அன்று பின்னேரம், நானே கேட்டேன்: "சாமான் பாத்தாச்சு. எங்களுக்கு எப்ப கோச்சி ரிக்கட் எடுக்கிறியள்?"

அவர் வெற்றுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவுமில்லை. "ரிக்கட்டோ? பிள்ளைக்குத் தையிலை இஞ்சை பள்ளிக்கூடம் எல்லோ. போன கிழமையே பேர் பதிஞ்சு போட்டன். வீடும் பாத்தாச்சு."

"போன கிழமையோ? அதை வாய் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்திடுமோ?" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே அழுதேன்.